அம்மா கையில விரல் தடம்... பாத்துக்கற ஆளை சந்தேகப்படலாமா?

கேள்வி: அக்கா, எங்க அம்மாவுக்கு 74 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது கை, வலது கால் வராம போச்சு, பேச்சும் ஒண்ணு ரெண்டு வார்த்தைதான். அண்ணன் வீட்ல இருக்காங்க. 8 மாசமா ஒரு அட்டெண்டர் கூடவே தங்கி ராத்திரி பகல் பாத்துக்கறாங்க. நான் வெளிநாட்டுல இருக்கேன். போன மாசம் போனப்ப அம்மாவோட இடது மேல்கையில, உள்பக்கமா, விரல் வெச்சு அழுத்துன மாதிரி நாலு நீலத் தடம். கேட்டா கட்டில்ல இடிச்சுக்கிட்டாங்கனு சொன்னாங்க. அந்தம்மா ரூமுக்குள்ள வந்தா அம்மா என் கையை விட்டுட்டு கண்ணை மூடிக்கறாங்க. பெல் ஒண்ணு கட்டிலோட வலது பக்கம் தொங்குது, ஆனா அம்மா அடிக்கறதே இல்லையாம். பகல்லயும் தூங்கிட்டே இருக்காங்க, இளைச்ச மாதிரியும் தெரியுது. அண்ணன், ‘இவங்களை அனுப்பிட்டா வேற யாரு வருவா’ங்கறார். அவரே சில நாள் டென்ஷன்ல அம்மாவை கத்திடறார்தான். நான்தான் ரொம்ப யோசிக்கறேனா? யாருக்கும் தெரியாம கேமரா வெச்சிடலாமா, இல்ல முதியோர் ஹோம்லயே சேத்துடலாமா?

பதில்: இல்லம்மா, நீங்க ரொம்ப யோசிக்கல. 21 வருஷமா நர்ஸா இருக்கேன், அதுல பெரும்பகுதி நாள்பட்ட படுக்கை நோயாளிங்களோடதான், வீட்லயும் ஹோம்லயும். உங்க கடிதத்தை படிச்சப்ப எனக்கு விரல் தடத்தை விட முதல்ல சுருக்குனு பட்டது அந்த பெல். அம்மாவுக்கு வராதது வலது கை, பெல் தொங்குறதும் வலது பக்கம். அவங்க எப்படி அடிப்பாங்க? 8 மாசமா அந்த ரூமுக்குள்ள அட்டெண்டர் போயிருக்காங்க, அண்ணன் போயிருக்கார், டாக்டர் வந்திருப்பார், சொந்தக்காரங்க வந்து உக்காந்து பேசிட்டு போயிருப்பாங்க, ஒருத்தருக்கும் தோணல. இதுல யாரும் அம்மாவை அடிக்கல, திட்டல, ஆனா ராத்திரி 2 மணிக்கு தண்ணி வேணும்னா அவங்களால கூப்பிட முடியாது. இதுக்கும் புறக்கணிப்புனுதான் பேரு. 2002ல வந்த டொராண்டோ பிரகடனத்துல முதியோர் வதைக்கு ஒரு விளக்கம் குடுத்திருக்காங்க, நம்பி இருக்கற உறவுக்குள்ள ஒருத்தர் செஞ்சது மட்டும் இல்ல, செய்ய வேண்டியதை செய்யாம விட்டு அதனால அந்த பெரியவங்க கஷ்டப்பட்டாலும் அது வதைதான்னு. அதனால ‘அந்தம்மா அடிச்சாங்களா இல்லையா’ங்கற கேள்வியை ஒரு நிமிஷம் ஓரமா வைங்க. அம்மாவோட உடம்பு என்ன சொல்லுது, அம்மா என்ன சொல்றாங்க, இது ரெண்டையும் முதல்ல பாப்போம்.

தடத்துல இருந்து ஆரம்பிக்கறேன். ஸ்ட்ரோக் வந்தவங்க பல பேர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுவாங்க, வயசானா தோலும் காகிதம் மாதிரி ஆயிடும், அதனால முன்கையிலயும் புறங்கையிலயும் லேசா பட்டாலே ஊதா கலர்ல திட்டு திட்டா வரும். அதை பாத்து யாரையும் குத்தம் சொல்ல முடியாது. 2005ல லாரா மொஸ்கேடாங்கற முதியோர் நல டாக்டரும் அவங்க கூட இருந்தவங்களும் 101 பெரியவங்களை தினமும் கவனிச்சு எழுதினாங்க. அதுல தானா வந்த காயத்தடம் கிட்டத்தட்ட 90 சதவீதம் கை கால்லதான் இருந்துது, கழுத்து, காது, பிறப்புறுப்பு, உக்கார்ற இடம், உள்ளங்கால் இங்கெல்லாம் ஒண்ணு கூட வரல. இன்னொண்ணும் சொன்னாங்க, கலரை வெச்சு ‘இது பழசு, இது புதுசு’னு நாள் கணக்கு போட முடியாது, சிலருக்கு ஒரே நாள்லயே மஞ்சளாயிடுது. அதே குழு அப்புறமா அடி வாங்கினது உறுதியான பெரியவங்களையும் பாத்துது. அவங்களுக்கு தடம் பெருசா இருந்துது, நிறைய பேருக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல, முகத்துலயும் முதுகுலயும் கூட. எனக்கு மனசுல நின்னது என்னன்னா அந்த அடி வாங்கினவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு இது எப்படி வந்துதுனு சொல்ல முடிஞ்சுது, ஞாபக மறதி இருந்தவங்க பல பேர் உள்பட. கேட்டா சொல்லுவாங்கம்மா. கேக்கறதுதான் இல்ல.

உங்க அம்மாவுக்கு இருக்கறது மேல்கையோட உள்பக்கம், நாலு தடம் வரிசையா. கட்டில் கம்பியில இடிச்சா பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் படும், உள்பக்கத்துல நாலு வரிசையா வராது. யாரோ இறுக்கி பிடிச்சிருக்காங்கனுதான் எனக்கு தோணுது. ஆனா கோபத்துல பிடிச்சதா, தூக்கத் தெரியாம பிடிச்சதாங்கறது தடத்தை பாத்து சொல்ல முடியாது. ட்ரெய்னிங் இல்லாத அட்டெண்டர்ங்க முக்கால்வாசி பேர் நோயாளியை எழுப்பி உக்கார வைக்க கையை பிடிச்சு இழுக்கறாங்க, இல்ல அக்குள்ல கையை குடுத்து தூக்கறாங்க. ஸ்ட்ரோக் வந்த பக்கத்து கையை அப்படி இழுத்தா தோள்மூட்டே நழுவி வந்துடலாம், அந்த வலி மாசக்கணக்குல கூட போகாம இருக்கலாம். அதனால வலது தோளையும் பாருங்க, தொட்டா முகம் சுளிக்கறாங்களானு. தெரியாம செஞ்சதா இருந்தா ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரு மணி நேரம் கூட நின்னு சொல்லிக் குடுத்தா மாறிடும், அடியில ஒரு டிரா ஷீட், அதாவது குறுக்கால போடற சின்ன விரிப்பு, போட்டு ரெண்டு பேரா நகத்தறது, ஒருக்களிச்சு படுக்க வெச்சு எழுப்பறதுனு. சொல்லிக் குடுத்த பிறகும் தடம் வந்தா அது வேற கதை.

இப்ப நீங்க நேர்ல போகணும். போனதும் ஒரு நாள் காலையில ‘இன்னைக்கு நான் குளிப்பாட்டறேன்’னு சொல்லி அட்டெண்டரை வெளிய அனுப்பிட்டு நீங்களே உடம்பு துடைச்சு விடுங்க. அதுதான் நிஜமான செக்கப். நல்ல வெளிச்சத்துல, அவசரப்படாம, தலைக்குப் பின்னாடி, காது மடல், தோள்பட்டை எலும்பு, முழங்கை, முதுகுக்கு கீழ இடுப்பெலும்பு முடியற இடம், இடுப்பு ரெண்டு பக்கம், குதிகால் எல்லாம் பாக்கணும். சிவந்த இடம் இருந்தா விரலால அழுத்தி பாருங்க, அழுத்தினாலும் வெளுக்காம சிவப்பாவே இருந்தா படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சுனு அர்த்தம். நம்ம மாதிரி கறுப்பு தோல்ல சிவப்பு சரியா தெரியாது, பக்கத்து தோலை விட இன்னும் கறுத்தோ ஊதாவாவோ இருக்கும், தொட்டா சூடா, கெட்டியா, இல்ல சேறு மாதிரி மெத்துனு இருக்கும். அதனால கண்ணை மட்டும் நம்பாதீங்க, கை வெச்சு பாருங்க. மணிக்கட்டுல, கணுக்கால்ல சுத்தி வளையம் மாதிரி தடம் இருக்கானு பாருங்க, கட்டிப் போட்டா அப்படித்தான் இருக்கும். நகம், வாய்க்குள்ள நாக்கு, தொடை இடுக்கு, மார்புக்கு கீழ இருக்கற மடிப்பு, இதெல்லாம் ஒருத்தர் தினமும் சுத்தம் பண்றாங்களா இல்ல நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் பண்றாங்களானு நல்லாவே காட்டிக் குடுத்துடும்.

படுக்கைப்புண் வந்தாலே புறக்கணிப்புனு சொல்லிட முடியாது, ரொம்ப முடியாதவங்களுக்கு நல்லா பாத்துக்கிட்டாலும் வரும். வந்ததை யாரும் கவனிக்கலன்னா, கவனிச்சும் சொல்லலன்னாதான் தப்பு. இதை நான் புஸ்தகத்துல படிச்சு சொல்லல. என் ஆரம்ப காலத்துல ஒரு ஹோம்ல நைட் சூப்பர்வைசரா சேந்தேன், அங்க ஒரு தாத்தா, ஒரு காலத்துல டீச்சரா இருந்தவர். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும்னு சார்ட் மாட்டியிருப்பாங்க, நான் தினமும் சார்ட்டை பாப்பேன், எல்லா கட்டத்துலயும் டிக் இருக்கும், கையெழுத்து போட்டுட்டு அடுத்த ரூமுக்கு போயிடுவேன். மூணாவது வாரம் ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு போய் பாக்கறேன், காலையில 6 மணி வரைக்கும் டிக் போட்டு முடிச்சிருக்கு, எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம். போர்வையை விலக்கினேன். குதிகால்ல சாக்ஸ் ஒட்டிக்கிட்டு இருந்துது. தண்ணி ஊத்தி ஊற வெச்சு எடுத்தப்ப உள்ள எலும்பு தெரிஞ்சுது. அவர் கத்தக்கூட இல்ல, என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். மூணு வாரமா நான் காகிதத்தைத்தான் பாத்திருக்கேன், அவர் காலை பாக்கல. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் எந்த வீட்டுக்கு போனாலும் முதல்ல போர்வையை விலக்கி குதிகாலை பாத்துட்டுதான் நோட்டை திறக்கறது. நீங்களும் அப்படியே பண்ணுங்க.

அம்மாகிட்ட பேசறது. அவங்களுக்கு இருக்கறது அஃபேசியா, மூளையோட இடது பக்கம் அடிபட்டா பேச்சு போகும், பெரும்பாலும் அறிவு அப்படியேதான் இருக்கும். ஆனா ஒரு சிக்கல், இவங்கள்ல பல பேருக்கு ஆமாவும் இல்லையும் மாறி வந்துடும், ஆமானு நினைச்சு தலையை இல்லனு ஆட்டுவாங்க. அதனால முதல்ல விடை தெரிஞ்ச கேள்வியா நாலஞ்சு கேளுங்க, ‘உங்களுக்கு ரெண்டு பசங்களா? இப்ப ராத்திரியா? நான் உங்க பொண்ணா?’னு. அதுக்கு சரியா பதில் வருதுன்னா அப்புறம் மெதுவா விஷயத்துக்கு வாங்க. வரலன்னா படம் காட்டி, இடத்தை தொட்டு காட்ட சொல்லி, கையை அழுத்த சொல்லி பாருங்க. ‘அவங்க உங்களை அடிச்சாங்களா?’னு எடுத்த எடுப்புல வாயில வார்த்தையை போடாதீங்க. ‘இங்க வலிக்குதா? இது பகல்ல வந்துதா, ராத்திரியா? குளிக்கும்போதா, படுக்கும்போதா? ராத்திரி பயமா இருக்கா?’ இப்படி. ஒவ்வொரு கேள்விக்கும் நிறைய டைம் குடுங்க, பத்து பதினஞ்சு செகண்ட் சும்மா உக்காந்திருக்கறது நமக்குத்தான் கஷ்டம், அவங்களுக்கு அது தேவை. ரூம் கதவு மூடி இருக்கணும், அட்டெண்டரும் இருக்கக்கூடாது, அண்ணனும் இருக்கக்கூடாது. ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் கூட இருந்தா ரொம்ப நல்லது.

அண்ணனும் ஏன் இருக்கக்கூடாதுன்னா, உங்க கடிதத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, அவரும் கத்திடறார்னு. அவர் கெட்டவர்னு நான் சொல்லல, ரெண்டு வருஷமா தினமும் பக்கத்துல இருக்கறவர் அவர்தான், அந்த களைப்பு எனக்கு நல்லா தெரியும். ஆனா அம்மா கண்ணை மூடிக்கறது அந்த ஒருத்தருக்காக மட்டும்தானானு நமக்கு தெரியாது. வீட்டு மனுஷங்க கத்தற வீட்ல அட்டெண்டரும் கத்தலாம்னு ஆயிடும், இதை நான் எத்தனையோ வீட்ல பாத்துட்டேன். அண்ணன்கிட்ட சண்டையா பேசாதீங்க, ‘நீ எப்ப கடைசியா ஒரு நாள் முழுசா ரெஸ்ட் எடுத்தே’னு கேளுங்க. அதே கேள்வியை அந்த அட்டெண்டர் விஷயத்துலயும் கேக்கணும். 8 மாசமா ராத்திரி பகல் ஒரே ஆள், லீவு உண்டா, தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கறாங்களா? ராத்திரி மூணு தரம் எழுந்து டயப்பர் மாத்தி, திருப்பிப் போட்டு, காலையில மறுபடி வேலைன்னா எந்த மனுஷிக்கும் கை முரடாயிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 60 வயசுக்கு மேல வீட்ல, ஊர்ல இருக்கறவங்கள்ல 6 பேர்ல ஒருத்தர் ஒரு வருஷத்துக்குள்ள ஏதோ ஒரு வதையை அனுபவிக்கறாங்க. ஹோம் மாதிரி இடங்கள்ல வேலை செய்யறவங்களை கேட்டப்ப 3 பேர்ல 2 பேர் கடந்த ஒரு வருஷத்துல தாங்களே அப்படி நடந்துக்கிட்டதா ஒத்துக்கிட்டிருக்காங்க. இவங்க எல்லாரும் ராட்சசங்க இல்லம்மா. ஆள் பத்தாம, தூக்கம் இல்லாம, கேக்க ஆள் இல்லாம இருக்கற இடத்துல நல்ல மனுஷங்களும் அப்படி ஆயிடறாங்க. அதுக்காக அம்மா வலியை தாங்கிக்கணும்னு இல்ல. வாரத்துக்கு ஒரு நாள் லீவும், வாரத்துல ரெண்டு ராத்திரியாவது மாத்து ஆளும் போடுங்க. மாத்து ஆள் வந்தா இன்னொரு ஜோடி கண்ணும் வீட்டுக்குள்ள வரும்.

பகல் தூக்கத்தை விட்டுடாதீங்க, எனக்கு அது ரொம்ப உறுத்துது. ராத்திரி தொந்தரவு இல்லாம இருக்கறதுக்கு தூக்க மாத்திரையை ஒண்ணுக்கு ரெண்டா குடுக்கறது, அலர்ஜி மாத்திரையோ இருமல் சிரப்போ குடுத்து படுக்க வைக்கறது நடக்கற விஷயம். டாக்டர் சீட்டை கையில வெச்சுக்கிட்டு மாத்திரை அட்டைகளை எண்ணுங்க, எத்தனை வாங்கினது, எத்தனை நாள் ஆச்சு, எத்தனை மிச்சம் இருக்கணும்னு கணக்கு பண்ணாலே தெரிஞ்சுடும். சில நேரம் டாக்டர் எழுதினதே அதிகமா இருக்கும், மறதி நோய் இருக்கற பெரியவங்களுக்கு மனநோய் மாத்திரைகள் குடுத்தா இறப்பு அபாயம் கூடுதுனு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2005லயே எச்சரிக்கை போட்டாங்க, ஆனா ஆளை அமைதியாக்கறதுக்குனு இன்னும் எழுதறவங்க இருக்காங்க. ஒவ்வொரு மாத்திரையும் எதுக்குனு டாக்டர்கிட்ட கேளுங்க. இதெல்லாம் இல்லாம ரத்தத்துல சோடியம்ங்கற உப்பு குறைஞ்சாலும், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் இப்படி தூங்குவாங்க, அதனால ரத்தம், யூரின் டெஸ்ட் எடுத்துட்டு முடிவுக்கு வாங்க.

இளைச்சதுக்கும் அதேதான், பாத்தா தெரியுதுங்கறது பத்தாது, எடை போடுங்க. ஒரு மாசத்துல 5 சதவீதம், ஆறு மாசத்துல 10 சதவீதம் குறைஞ்சா டாக்டர் பாத்தே ஆகணும், 60 கிலோ இருந்தவங்களுக்கு மாசத்துல 3 கிலோ. ஒரு வேளை சாப்பாட்டை நீங்க உக்காந்து ஊட்டி பாருங்க. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு விழுங்கறது மெதுவாதான் வரும், ஒரு வாய்க்கு முழுங்கி முடிக்கறதுக்குள்ள அடுத்த வாய் போனா புரை ஏறும், நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா ஆகும். உங்களுக்கு ஊட்ட 40 நிமிஷம் ஆகுதுன்னா அந்தம்மா 10 நிமிஷத்துல முடிக்கறாங்கன்னா மிச்சம் எங்க போகுதுனு யோசிங்க. அப்புறம் தண்ணி. டயப்பர் அடிக்கடி மாத்த வேண்டாம்னு தண்ணியை குறைக்கறது ரொம்ப சகஜம், யாரும் கெட்ட எண்ணத்தோட கூட செய்யறதில்ல, ஆனா யூரின் கெட்டியா மஞ்சளா, நாக்கு வறண்டு, மலச்சிக்கல், குழப்பம்னு அது எங்கெங்கயோ கொண்டு போய் விடும்.

கேமராவுக்கு வர்றேன். ரகசியமா வேண்டாம். பல நாட்டுல அதுக்கு சட்டமே வேற, உங்க அண்ணன் இருக்கற இடத்து சட்டத்தை ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க. அதை விட பெருசா எனக்கு படறது அம்மாவோட மானம். அந்த கட்டில்லதான் அவங்களுக்கு துணி மாத்தறாங்க, டயப்பர் மாத்தறாங்க, அதை மகன் போன்ல, மருமகள் போன்ல எல்லாரும் பாக்கற மாதிரி வெச்சா அதுவும் அவங்களுக்கு செய்யற கொடுமைதான். அம்மாகிட்ட கேட்டு, அவங்க சரினு சொன்னா, அட்டெண்டருக்கும் சொல்லிட்டு, வாசல் பக்கம் பாக்கற மாதிரி வைங்க, உடம்பு துடைக்கற நேரம் மறைக்கற மாதிரி. ஆனா கேமரா வெச்சாச்சுனு நிம்மதியா இருந்துடாதீங்க, அதுக்கு குதிகால் தெரியாது. நேரம் சொல்லாம வர்ற ஆளுங்கதான் உங்க அம்மாவுக்கு பாதுகாப்பு. ஒரு நாள் பிசியோ, ஒரு நாள் அத்தை, ஒரு நாள் பக்கத்து வீட்டம்மா, மாசம் ஒரு தரம் நர்ஸ் வந்து தோல் பாத்து எடை போட்டு எழுதி வைக்கட்டும். ஹோம்ல சேத்தாலும் இதேதான். 2020ல கொரோனா வந்து நிறைய நாடுகள்ல ஹோமுக்கு சொந்தக்காரங்க போறதை நிறுத்தினப்ப உள்ள இருந்தவங்க எப்படி வாடிப் போனாங்கனு நாங்க பாத்தோம். ஹோம் தேடறதா இருந்தா அவங்க கூப்பிடற நேரத்துல போகாதீங்க, லீவு நாள் சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துல போங்க, ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு ஆள்னு கேளுங்க, யாரோ ஒருத்தர் பெல் அடிச்சா எத்தனை நிமிஷத்துல ஆள் வருதுனு நின்னு பாருங்க. எந்த நேரமும் வந்து பாக்கலாமான்னு கேட்டதுக்கு இழுத்தா அங்க சேக்காதீங்க.

முக்கியமா ஒண்ணு, போன்ல அந்தம்மாவை கேள்வி கேட்டு திட்டிடாதீங்க. நீங்க போனை வெச்ச பிறகு அதே ரூம்ல அதே ராத்திரி அம்மா அவங்க கூட தனியா இருக்கணும், அந்த கோபம் யார் மேல இறங்கும்? நேர்ல இருந்து, கூட இருந்து, அப்புறம் பேசுங்க. அதுக்கு முன்னாடி தடத்தை பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு, தேதியோட போட்டோ எடுங்க, யார் என்ன சொன்னாங்கனு அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதி வைங்க, டாக்டரையும் பாத்து எழுத சொல்லுங்க. ஆனா கழுத்துல தடம், சூடு பட்ட மாதிரி காயம், காரணம் தெரியாத எலும்பு முறிவு, பிறப்புறுப்புல காயமோ ரத்தமோ, இல்ல அம்மாவே தெளிவா ‘அடிச்சாங்க’னு காட்டினாங்கன்னா இந்த நிதானம் எல்லாம் கிடையாது, அன்னைக்கே அட்டெண்டரை அம்மாகிட்ட இருந்து விலக்கிட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, போலீஸ்லயும் முதியோர் உதவி லைன்லயும் சொல்லுங்க. ஏஜென்சி மூலமா வந்தவங்கன்னா எழுத்துல புகார் குடுங்க, இல்லன்னா அடுத்த வாரம் இன்னொரு அம்மா வீட்டுக்கு போயிடுவாங்க. அப்படியே அம்மாவோட பேங்க் கார்டு, கைநாட்டு வெச்ச காகிதம், நகை இதெல்லாம் எங்க இருக்குனும் ஒரு தரம் பாத்துடுங்க.

கேட்ட பிறகு அம்மா ‘இவங்களே இருக்கட்டும்’னு சொல்லவும் வாய்ப்பு இருக்கு. அந்த பொண்ணு மேல பாசம் இருக்கலாம், தெரியாத ஆள் வர்றதுக்கு பயம் இருக்கலாம். பயத்துல சொல்றாங்களா பிரியத்துல சொல்றாங்களானு ரெண்டு மூணு நாள் விட்டு விட்டு கேட்டுப் பாருங்க, பிரியம்தான்னா அவங்க பேச்சுக்கு மதிப்பு குடுங்க, அது அவங்க உடம்பு, அவங்க வாழ்க்கை. பேச முடியலங்கறதுக்காக அவங்களை வெச்சுக்கிட்டே அவங்க தலைக்கு மேல நாம முடிவெடுக்கக்கூடாது.

இன்னைக்கே அண்ணனுக்கு போன் பண்ணி பெல்லை இடது கை பக்கம் மாத்த சொல்லுங்க, தண்ணியும் மூக்குக்கண்ணாடியும் அந்த பக்கமே இருக்கட்டும், மாத்தினதும் அம்மாவை ஒரு தரம் அடிச்சு காட்ட சொல்லுங்க, வீடியோ கால்ல நீங்களும் பாருங்க. அப்புறம் டிக்கெட் போடும்போது மூணு நாளைக்கு போடாதீங்கம்மா, பத்து நாளாவது இருக்கற மாதிரி போடுங்க. முதல் ரெண்டு நாள் எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்குவாங்க.